கழற்றி மாட்டும் பல்லும் லேப்பின் நேரக் கணக்கும்

குமரி மாவட்டத்தில் பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்து, இழந்த இரண்டு மூன்று பற்களுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் செட் ஒன்றை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர், விலையைக் கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி "என்னைக்குக் கிடைக்கும்?" என்பதுதான். வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருப்பவருக்குத் திரும்பும் விமானத்தின் தேதி தலைக்கு மேல் நிற்கிறது. மகளின் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வருபவருக்குப் புகைப்படக் கவலை. மருத்துவர் அந்தக் கேள்வியை அப்படியே கைபேசியில், செட் செய்து தரும் லேப்புக்குத் தள்ளிவிடுகிறார். அளவு எடுப்பதில் தொடங்கிச் செட் வாயில் ஏறும் வரை கழியும் நேரத்தில் கைவேலைக்குச் செல்வது பாதிகூட இல்லை. மீதி நேரம் ஜிப்சம் இறுகவும், பிசின் வேகவும், வெந்தது ஆறவும் ஆகிறது. கைவேலையை வேகப்படுத்தலாம், ஒருவர் உட்காரும் மேசையில் இருவர் உட்காரலாம். பொருள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வெட்டினால் அதன் விளைவு நோயாளியின் ஈறில்தான் தெரியவரும். எந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் எது கெடுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அக்ரிலிக் பகுதிச் செட் என்பது பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் பிசினால் செய்த இளஞ்சிவப்புத் தட்டும், அதில் ஊன்றிய செயற்கைப் பற்களும், மிஞ்சியிருக்கும் சொந்தப் பற்களைச் சுற்றிப் பிடிக்கும் துருவேறா எஃகுக் கம்பிகளும் சேர்ந்தது. கோபால்ட்-குரோமியம் உலோகத்தை வார்த்துச் செய்யும் செட்டோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். வார்ப்புச் செட்டில் சிறு உலோகத் தாங்கிகள் சொந்தப் பல்லின் மேல் உட்கார்ந்து, மெல்லும் விசையின் பெரும்பகுதியை அந்தப் பல்லுக்கே கடத்திவிடுகின்றன. அக்ரிலிக் செட்டில் அந்த விசை முழுவதும் ஈறின் மீதும் அதற்கடியிலுள்ள எலும்பின் மீதும் இறங்குகிறது. அதனால்தான் இதை இடைக்காலச் செட் என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள். நம் ஊரில் அந்த இடைக்காலம் பத்து ஆண்டுகள்கூட நீளும் என்பது வேறு கதை. ஆனால் அவ்வளவு காலம் ஈறில் உட்காரப்போகிற பொருள் என்பதாலேயே, அதன் அடிப்பரப்பு, வாயின் அளவிலிருந்து ஜிப்சத்தில் வார்த்த மாடலின் பரப்பை இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிசினுக்கு முன்பு பல்செட்டுகள் ரப்பரால் செய்யப்பட்டன என்பது ரப்பர் மாவட்டத்துக்காரர்களுக்கே வியப்பாக இருக்கும். குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் சிரட்டையில் வடியும் அதே வகைப் பாலின் ரப்பரோடு, எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து, நீராவி அழுத்தத்தில் 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் அது எலும்புபோல் இறுகி வல்கனைட் ஆகிறது. நெல்சன் குட்இயர் 1851இல் இக்கடின ரப்பருக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் பல்செட்டின் தட்டு அதுதான். மலிவானது, உறுதியானது, ஆனால் கருஞ்சிவப்பாக இருக்கும். எச்சிலையும் வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். 1930களின் பிற்பகுதியில் ஈறின் நிறத்தையும் ஓரளவு ஒளி ஊடுருவலையும் காட்டக்கூடிய அக்ரிலிக் வந்ததும் வல்கனைட் விரைவில் ஒதுங்கிவிட்டது. பொருள் மாறினாலும் முறை மாறவில்லை. மெழுகில் உருவம் செய்து, ஜிப்சத்தில் புதைத்து, மெழுகைக் கரைத்து, அந்தக் குழியில் வேறொன்றை அடைத்து, வெப்பத்தில் இறுக வைக்கும் வல்கனைட் காலத்து வழியைத்தான் இன்றும் லேப்பில் பின்பற்றுகிறோம்.

மலையிலிருந்து ரப்பர் என்றால், கடலிலிருந்து ஆல்ஜினேட். வாயில் அளவு எடுக்கப் பயன்படும் இந்தத் தூள் பழுப்புநிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினிக் அமிலத்தின் உப்பு. முட்டத்துப் பாறைகளில் அலையடிக்கும் இடத்தில் ஒட்டிக்கிடக்கும் சர்காசம் அந்தப் பாசிகளில் ஒன்று. தண்ணீரில் குழைத்துத் தட்டில் இட்டு வாயில் வைத்தால் சில நிமிடங்களில் அது கூழ்மமாக உறைகிறது. அதன் பெரும்பகுதி தண்ணீர் என்பதே அதன் பலவீனம்: காற்றில் கிடந்தால் நீரை இழந்து சுருங்கும், நீரில் போட்டால் உறிஞ்சி வீங்கும். ஆகவே எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அதில் ஸ்டோன், அதாவது மாடல் வார்க்கும் கெட்டி ஜிப்சக் கலவை, ஊற்றிவிட வேண்டும் என்பது விதி.

இந்த விதி இங்கே எப்படிப் பாழாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கருங்கலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ இருக்கும் சிறிய கிளினிக்கில் லேப் வசதி கிடையாது. காலையில் எடுத்த அளவுகளை ஒரு கவரில் போட்டு வைப்பார்கள். லேப் பையன் பைக்கில் நான்கைந்து கிளினிக்குகளைச் சுற்றிவிட்டு மதியம் திரும்புவான். ஈரம் போகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சிலர் சொட்டச் சொட்ட நனைத்த பஞ்சில் அளவைப் பொதிந்து தருவதுண்டு. வெயிலில் சுருங்குவது ஒரு கேடு என்றால், இது வீங்கும் கேடு. போதாததற்குப் பஞ்சின் பாரத்தில் பல்லின் கழுத்துப் பகுதி அமுங்கிப்போகிறது. பிழிந்த ஈரத் துணியை அளவின் மேல் அழுத்தாமல் போர்த்தி, காற்றுப் புகாத கவரில் வைத்தால் ஓரளவு தாங்கும். அதைவிட, கிளினிக்கிலேயே அளவைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, ஸ்டோன் ஊற்றி, மாடலாக அனுப்புவது மேல். கிளினிக்கில் ஒரு ரப்பர் கிண்ணமும் ஒரு கரண்டியும் ஒரு டப்பா ஸ்டோனும் இருந்தால் போதும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் சிலர் கேட்பதில்லை.

ஸ்டோனும் பிளாஸ்டரும் ஒரே கால்சியம் சல்ஃபேட்தான், படிகத் துகள்களின் வடிவமும் நெருக்கமும் மட்டுமே வேறு. நுண்துளை மிகுந்த பிளாஸ்டருக்கு 100 கிராமுக்கு 45 முதல் 50 மில்லி தண்ணீர் தேவைப்படும்; நெருக்கமான ஸ்டோனுக்கு 28 முதல் 30 மில்லி போதும். தேவைக்கு மேல் ஊற்றும் தண்ணீர் பின்னர் ஆவியாகித் துளைகளை விட்டுச்செல்வதால் மாடல் மெலிந்துவிடும். கம்பியைப் பொருத்திப் பார்க்கும்போது மாடல் பல்லின் முனை உதிர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் கண்ணளவில் ஊற்றிய தண்ணீர்தான். கடலோர ஊர்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். சிறிதளவு உப்பு ஜிப்சம் இறுகுவதை விரைவுபடுத்தும் என்பதால், அந்தத் தண்ணீரில் குழைத்தால் ஊற்றி முடிப்பதற்குள் கலவை கிண்ணத்திலேயே கெட்டிப்படத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் இம்மாவட்டத்தில், வாய் திறந்து வைத்த பிளாஸ்டர் மூட்டை காற்றின் ஈரத்தை இழுத்து, வழக்கமான நேரத்தில் இறுகாமல் போக்குக் காட்டுவதும் நடக்கும். மூடியுள்ள டப்பாவும் குடிநீரும் இவ்விரண்டுக்கும் போதுமான பரிகாரம்.

ஊற்றிய ஸ்டோனை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுப் பிரிக்க வேண்டும். முன்னதாக இழுத்தால் தனியாக நிற்கும் பல் முறிந்துபோகும். இரவெல்லாம் விட்டுவைத்தால் காய்ந்த ஆல்ஜினேட் ஸ்டோனின் பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும்.

அடுத்தது கம்பி. 0.8 அல்லது 0.9 மி.மீ. தடிமனுள்ள, 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஃகுக் கம்பியைக் குறடால் வளைத்துப் பல்லைப் பிடிக்கும் கொக்கியைச் செய்கிறோம். பல்லின் பக்கவாட்டில் அதிகம் புடைத்திருக்கும் கோட்டுக்கு மேலிருந்து தொடங்கி, நுனி மட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த நுனிதான் செட்டைப் பிடித்து நிறுத்துகிறது. புடைப்புக் கோட்டை மாடலில் வரைய சர்வேயர் என்ற கருவி உண்டு. பல சிறிய லேப்களில் அது அலமாரியில் தூசி படிந்து கிடக்க, வேலைக்காரரின் கண்தான் சர்வேயராகிறது. பழகிய கண் பெரும்பாலும் தவறுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் தவறும்போது, நுனி ஈறைக் குத்தும், அல்லது கோட்டுக்கு மேலேயே நின்று எதையும் பிடிக்காது. ஒரே இடத்தில் கம்பியை இரண்டு மூன்று முறை திருத்தி வளைப்பவரையும் கவனிக்க வேண்டும். உலோகம் அங்கே இறுகி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். லேப்பிலிருந்து நன்றாகப் போன கொக்கி ஆறாவது மாதம் கழற்றும்போது ஒடிந்து கையோடு வருவது பெரும்பாலும் இதனால்தான். தட்டுக்குள் புதையும் வால் பகுதி மாடலைத் தொடாமல் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் தூக்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பிசின் அதைச் சுற்றி ஓட இடமிருக்காது.

மெழுகுத் திட்டில் கடி அளவு வந்ததும் மேல் கீழ் மாடல்களை, தாடைபோல் திறந்து மூடும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் பூட்டி, நிறமும் அளவும் பார்த்துப் பற்களை அடுக்குவது கண்ணுக்கு அழகான வேலை. அதைப் பற்றிப் பேசாத லேப்காரர் கிடையாது என்பதால் இங்கே விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். வாயில் வைத்துப் பார்க்கும் மெழுகுக் கட்டத்தை அவசரத்துக்காகத் தவிர்ப்பவர்கள் உண்டு. மெழுகில் பல்லை நகர்த்த ஒரு நிமிடம் ஆகும். அக்ரிலிக்கில் வெந்த பல்லை நகர்த்த முடியாது, அறுத்தெடுக்கத்தான் முடியும்.

பல் அடுக்கிய மெழுகை மாடலோடு சேர்த்து, இரு பாதிகளாகப் பிரியும் பித்தளைப் பெட்டியான பிளாஸ்கின் கீழ்ப்பாதியில் பிளாஸ்டரில் பதிக்கிறோம். மாடலின் சொந்தப் பற்களையும் கம்பிகளையும் பிளாஸ்டரால் மூடி, மெழுகும் செயற்கைப் பல்லும் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, அது இறுகியதும் இரு பாதியும் ஒட்டாதிருக்கப் பிரிப்பான் பூசி மேல்பாதியை ஊற்றுகிறோம். பின்னர் நான்கைந்து நிமிடம் கொதிநீரில் வைத்துத் திறந்தால் மெழுகு இளகிக் கழன்றுவர, பல் மேல்பாதியிலும் கம்பி கீழ்ப்பாதியிலும் நிற்கும். கம்பி சரியாக மூடப்படவில்லையென்றால் அது இந்த இடத்தில் அசைந்து, அதுவரை செய்த வளைப்பு வேலையைப் பயனற்றதாக்கிவிடும். சோப்பு கலந்த சுடுநீரால் கழுவி, மீண்டும் தெளிந்த சுடுநீர் ஊற்றி, பல்லின் அடிப்பாகத்தில் மெழுகுப் பிசுக்கு துளியும் இல்லாமல் பார்க்க வேண்டும். அக்ரிலிக் பல்லும் அக்ரிலிக் தட்டும் வேதியியலாகவே ஒட்டிக்கொள்ளக்கூடியவை; ஆனால் நடுவில் ஒரு மெல்லிய மெழுகுப் படலம் இருந்தால் அந்த ஒட்டு நடக்காது, நேந்திரங்காய் உப்பேரியைக் கடிக்கும் நாளில் பல் தனியாகக் கழன்றுவரும். அடுத்து மாடலின் சூடு ஆறுவதற்குள் கோல்ட் மோல்ட் சீல் என்ற பிரிப்புத் திரவம் பூசப்படுகிறது. இதுவும் ஆல்ஜினேட்தான்: சோடியம் ஆல்ஜினேட் ஜிப்சத்தின் கால்சியத்தோடு வினைபுரிந்து நீரில் கரையாத படலமாகி, பிசின் ஜிப்சத்துக்குள் இறங்காமல் தடுக்கிறது. பல்லின் மேல் மட்டும் அது படக் கூடாது.

இனிப் பிசின். இளஞ்சிவப்புத் தூள் ஏற்கெனவே பாலிமராக ஆன சிறு மணிகள். அவற்றோடு பென்சாயில் பெராக்சைடு சிறிதளவு கலந்திருக்கும். பழுப்புக் குப்பியில் வரும் திரவம் மெத்தில் மெத்தக்ரிலேட் மோனோமர், அதாவது இன்னும் பாலிமராக இணைந்து இறுகாத மூலப்பொருள். குப்பியிலேயே இறுகிவிடாதிருக்க ஹைட்ரோகுவினோன் சேர்த்திருப்பார்கள். கன அளவில் மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. மோனோமர் தனியாக இறுகினால் அதன் கனஅளவு ஏறத்தாழ 21 விழுக்காடு சுருங்கும்; முன்பே இறுகிய மணிகள் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டால் அந்தச் சுருக்கம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. கலவை பிசையச் சோம்பி இரண்டு சொட்டு திரவம் கூடுதலாக ஊற்றுபவர், தெரியாமலே சுருக்கத்தை ஊற்றுகிறார்.

மூடிய ஜாடிக்குள் கலவை முதலில் ஈர மணல்போல் இருக்கும். பிறகு தொட்டால் நூல் இழுக்கும். அதன் பிறகு சப்பாத்தி மாவுபோல் ஜாடியின் சுவரைவிட்டுச் சுத்தமாகப் பிரியும். விட்டுவிட்டால் ரப்பராகி, கடைசியில் விறைக்கும். அடைக்க வேண்டியது மாவுக் கட்டத்தில் மட்டுமே. நூல் இழுக்கும் கட்டத்தில் அடைத்தால் அழுத்தம் நிற்காமல் வழிந்து ஓடும், துளைகள் விழும். ரப்பர் கட்டத்தில் அடைத்தால் பிளாஸ்க் முழுதாக மூடாது. இரு பாதிகளுக்கும் நடுவில் நிற்கும் தாள் பருமன் இடைவெளி செட்டில் கடி உயரமாக மாறி, வாயில் அந்தப் பக்கம் மட்டும் முட்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையடியில் வேலை செய்யும் லேப்பில் மாவுக் கட்டம் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. ஜாடியைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். மாவைக் கையால் உருட்டுபவர்கள் தோலுக்குப் பாதுகாப்பென்று மெல்லிய ரப்பர் கையுறை போடுவதுண்டு. மோனோமர் அதன் வழியே எளிதாக உள்ளே போய்விடும் என்பதால், செலோபேன் தாளில் பொதிந்து உருட்டுவதே நல்லது. அதே செலோபேனை நடுவில் வைத்து பிளாஸ்கை அழுத்தித் திறந்து, பிதுங்கியதை வெட்டி, பிதுங்காத வரை மறுபடி அழுத்திப் பார்த்த பிறகே கடைசியாக மூட வேண்டும்.

அவசரம் மிகப் பெரிய சேதம் செய்யும் இடம் வேக வைக்கும் கட்டம். ஏறத்தாழ 70 டிகிரியை நெருங்கும்போது பெராக்சைடு உடைந்து வினையைத் தொடங்கிவைக்கிறது. அந்த வினையே வெப்பத்தை உமிழ்கிறது. மோனோமரின் கொதிநிலை 100 டிகிரியைச் சற்றே தாண்டிய அளவு. வெளியே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க உள்ளே வினையின் வெப்பமும் சேர்ந்தால், தடித்த பகுதியின் நடுவில் இருக்கும் மோனோமர் இறுகுவதற்கு முன்பே ஆவியாகிக் குமிழியாகிவிடும். அதனால்தான் 74 டிகிரியில் எட்டு மணி நேரம் என்ற நீண்ட முறையையோ, 74 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கவிடும் குறுகிய முறையையோ கையாளுகிறோம். கடைசிக் கொதிப்பு மிச்ச மோனோமரைக் குறைப்பதற்கானது.

நான் வேலை பழகிய நாட்களில், கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பற்கள் இல்லாத ஒரு செட்டை, சில பற்களை இழந்த வாய்களுக்குக் கென்னடி 1925இல் வகுத்த வகைப்பாட்டில் முதல் வகுப்பு, மறுநாள் காலை வேண்டும் என்றார்கள். பிளாஸ்கை நேராகக் கொதிக்கும் பாத்திரத்தில் இறக்கினேன். நாற்பது நிமிடத்தில் எடுத்துத் திறந்தபோது முன்பக்கத்து மெல்லிய பட்டை கண்ணாடிபோல் இருந்தது; இருபுறத்துத் தடித்த பகுதிகளைத் தேய்க்கத் தேய்க்க ஆப்பத்தின் நடுவில் தெரிவதுபோல் துளைகள் வந்துகொண்டே இருந்தன. மேலே பாலிஷ் செய்து மறைக்கலாமா என்று யோசித்த என்னிடமிருந்து மூத்தவர் அதை வாங்கி, மேசை விளிம்பில் தட்டினார். துளை வரிசையோடு இரண்டாகப் பிளந்தது. "இது அவரு வாயில வச்சு ஒடையணுமா?" என்று மட்டும் கேட்டார். அளவு எடுக்க நோயாளியை மறுபடி வரவழைத்ததில், இரவெல்லாம் வேக வைத்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைப்போல் ஐந்து மடங்கு ஆனது.

வெந்த பிளாஸ்கைக் குழாய் நீரில் பிடிப்பதும் அதே வகைத் தவறு. வெப்பத்தில் அக்ரிலிக் விரிவதும் குளிர்ந்தால் சுருங்குவதும் ஜிப்சத்தைவிடப் பன்மடங்கு அதிகம். மெல்ல ஆறினால் அந்தச் சுருக்கத்தின் இழுவிசை ஓரளவு தளர்ந்துவிடும். திடீரென ஆறினால் தட்டுக்குள் அடைபட்டு, பிளாஸ்கை உடைத்து எடுத்ததும் தட்டு கோணுகிறது. அரைமணி நேரம் மேசையில், பிறகு கால்மணி நேரம் தண்ணீரில். மேல்தாடைச் செட்டானால் கோணல் அண்ணத்தின் நடுவில் இடைவெளியாகத் தெரியும். நோயாளி "காத்து போகுது" என்று சொல்லும் இடம் அதுதான்.

தேய்ப்பதும் பாலிஷும் பொறுமையைக் கேட்கும், அறிவை அதிகம் கேட்காது. ஈறைத் தொடும் பரப்பில் முடிச்சுகளை மட்டும் நீக்கலாம், பாலிஷ் கூடாது. துணிச்சக்கரத்தில் ஈரமான பியூமிஸ் (எரிமலைக்கல் தூள்) இல்லாமல் தேய்த்தால் சூட்டில் விளிம்பு வளையும். பியூமிஸ் சட்டியை நாள்தோறும் மாற்றாத லேப்பில் ஒருவர் வாய்க் கிருமி இன்னொருவர் செட்டுக்குப் போகும்.

முடிந்த செட்டைத் தண்ணீர் உள்ள கவரில் இட்டு, மாடலோடு அனுப்புகிறோம். அக்ரிலிக் சில நாட்களுக்கு நீரை உறிஞ்சிச் சிறிதளவு விரிந்து, சுருக்கத்தில் இழந்ததில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். மிச்ச மோனோமரும் நீரில் கசிந்து வெளியேறும். விமானம் ஏறப்போகிறவருக்கும் ஓர் இரவு தண்ணீரில் வைத்துத் தருவது நியாயம். மாட்டிய மறுநாள் ஒருமுறை வரச்சொல்லி, ஈறு சிவந்த இடத்துக்கு நேரே தட்டைத் தேய்த்துவிடுவது மருத்துவரின் வேலை. அந்தச் சிவப்பு எந்தப் பக்கத்தில், கொக்கியின் அடியிலா, தட்டின் பின்விளிம்பிலா என்று லேப்புக்கு ஒரு வரி சொல்லி அனுப்பினால், பிழை அளவிலா, பிளாஸ்கிலா, ஆறவிட்ட நேரத்திலா என்று எங்களால் கண்டுபிடித்துவிட முடியும். பெரும்பாலும் அந்த வரி வருவதில்லை. அடுத்த அளவுதான் வருகிறது, "நாளைக்கு வேணும்" என்ற சீட்டோடு.